நீங்கள் எழுதாமல் விட்ட வார்த்தை

அண்ணா,

பூஜைக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று போன வாரம் சமையலறைக்குப் பெயின்ட் அடிக்க ஆள் கூப்பிட்டிருந்தேன். ஃபிரிட்ஜை நகர்த்தியபோது அதன் பின்னாலிருந்து ஒரு தாள் வந்து விழுந்தது. கோடு போட்ட நோட்டுத் தாள், ஒரு மூலையில் எண்ணெய்க் கறை. பெயின்டர் அதைக் கசக்கப் போனார். வாங்கிப் பார்த்தால் உங்கள் கையெழுத்து.

இடது பக்கம் வங்காள வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதி, வலது பக்கம் பொருள் எழுதியிருந்தீர்கள். பாலிஷ், தலையணை. கிதே, பசி. பேதா, வலி. ஷீத், குளிர். ஆர் நா, போதும். நின்றபடியே எண்ணினேன், முப்பத்தோரு வார்த்தைகள். ஒரு வார்த்தை மட்டும் அதில் இல்லை. நீங்கள் தாளைக் கொடுத்த அன்றைக்கே அதைக் கவனித்தேன். ஏன் விட்டீர்கள் என்று கேட்கவில்லை.

நீங்கள் போய் பதினொரு மாதம் ஆகிறது. கேட்காமல் விட்டது அது ஒன்று மட்டுமில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கல்கத்தாவில் கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, சால்ட் லேக்கில் வாங்கிப் போட்டிருந்த இந்த ஃப்ளாட்டுக்கு நாங்கள் வந்தது இவர் ரிட்டையர் ஆவதற்கு ஒரு வருஷம் முன்னால். மூன்றாவது மாடி. வந்த முதல் வாரத்தில் உங்களைப் பார்க்கவில்லை, கேட்டேன். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தரைத்தளத்திலிருந்து கிளாரினெட் சத்தம் வரும். சரியாக அரை மணி நேரம். யாருக்கும் தொந்தரவாக இருக்கக்கூடாது என்று ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு வாசிப்பீர்கள். சாத்தினாலும் கேட்கிறது, திறந்தே வையுங்கள் என்று முதல் மாடி சக்கரவர்த்தி வீட்டு அம்மாள் வந்து சொன்ன பிறகுதான் திறந்தீர்களாம்.

பிளாக்கில் எல்லாருக்கும் நீங்கள் மிலிட்டரி-தா; தா, தாதா என்றால் இங்கே அண்ணன். புதிதாக வந்த ஒருவர் கேப்டன் சாப் என்றபோது நின்று, ஹவில்தார் என்று திருத்திவிட்டு நடந்தீர்கள். வேலூர்ப் பக்கம் ஒரு கிராமம். இருபத்துநான்கு வருஷம் ராணுவத்தில், அதுவும் பேண்டில். கடைசி போஸ்டிங் கல்கத்தா. அதன் பிறகு இங்கேயே ஒரு பாதுகாப்பு வேலை. அண்ணி காலமாகி, மகள் கல்யாணமாகிப் புனேவுக்குப் போய்விட்டாள். ஊருக்கே போயிருக்கலாமே என்று கேட்டதற்கு, இங்க எனக்கு ஜோலி இருக்குதும்மா என்றீர்கள். கிளாரினெட்டைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ரிட்டையர்மென்ட்டுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது இவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. உயிர் பிழைத்ததே பெரிய விஷயம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். பெங்களூரிலிருந்து வந்திருந்த பையன் இரண்டு வாரம் இருந்துவிட்டுத் திரும்பிப் போனான். பகலில் ஆயா வேலைக்கு மாலதி-தி என்ற வங்காளிப் பெண்ணை வைத்தேன். பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண் வாரம் மூன்று நாள் வந்தாள். வீட்டில் என்ன மொழி என்று அவள் முதல் நாளே கேட்டாள். தமிழ் என்றேன். கொஞ்சம் ஆங்கிலம் என்றும் சொன்னேன். அவளும் என்னிடம் தமிழ் வார்த்தைகளை எழுதி வாங்கிக்கொண்டு, படங்களைக் காட்டிச் சொல்ல வைக்கப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

வந்தது ஒரே ஒரு சத்தம். "பா… பா…" என்பார். மேலே பார்த்துக்கொண்டு, இடது கையால் மெத்தையைத் தட்டிக்கொண்டு, திரும்பத் திரும்ப. அப்பாவைக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். என் மாமனார் காலமாகிப் பன்னிரண்டு வருஷம். அவர் படத்தை ஹாலிலிருந்து எடுத்துவந்து கட்டிலுக்கு எதிரே ஸ்டூலில் வைத்தேன். இவர் அதைப் பார்க்கவே இல்லை.

மார்ச் மாதத்தில் இன்னொரு வார்த்தையும் வர ஆரம்பித்தது. அது தெளிவாகவே வந்தது. ஒரு மத்தியானம் கஞ்சி ஊட்டிக்கொண்டே, அடுத்த மாசம் நடந்துடுவீங்க, பூஜைக்கெல்லாம் பழையபடி ஆயிடுவீங்க என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இவர் என் முகத்தைப் பார்த்து "பொய்" என்றார். இன்னொரு முறையும் சொன்னார்.

ஒன்றரை மாதத்துக்குப் பிறகு என் புருஷன் வாயிலிருந்து வந்த முதல் தமிழ் வார்த்தை. என்னைப் பொய்க்காரி என்கிறது. அன்றைக்குக் கிண்ணத்தை வைத்துவிட்டு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அதன்பிறகு தேறுதல் சொல்வதை நிறுத்தினேன். ஊட்டுவேன், துடைப்பேன், திருப்பிப் படுக்க வைப்பேன். பேச மாட்டேன். இவர் அந்த வார்த்தையைச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். மாலதி-தி பக்கத்தில் இருக்கும்போது இவர் அதைச் சொன்னதில்லை, நானும் வெட்கத்தில் அவளிடமோ பயிற்சிக்கு வந்த பெண்ணிடமோ சொல்லவில்லை. பத்தொன்பது நாள் அப்படிப் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் ஒரு தூக்கில் மிளகு ரசத்தோடு வந்தீர்கள். அதற்கு முன் இரண்டு முறை வாசலோடு விசாரித்துவிட்டுப் போயிருந்தீர்கள். அன்றைக்கு உள்ளே வந்து, கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தீர்கள். இவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. இவர் வழக்கம்போல "பா… பா…" என்று ஆரம்பித்தார்.

யார் படம் என்று ஸ்டூலைக் காட்டிக் கேட்டீர்கள். மாமனார், அப்பாவையே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்று சொன்னேன்.

நீங்கள் எழுந்து இவர் தலைப்பக்கம் போய், இவர் பார்க்கிற திசையிலேயே மேலே பார்த்தீர்கள். பிறகு குனிந்து காதருகே மெதுவாக, "பாக்கா? பொந்தோ கொர்போ?" என்றீர்கள். ஃபேனா, நிறுத்தட்டுமா என்று.

இவருடைய இடது கை உங்கள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. என்னிடம் ஜாடை காட்டினீர்கள், நான் ஃபேனை நிறுத்தினேன். கட்டிலுக்கு நேர் மேலே சுற்றிக்கொண்டிருந்த அந்தப் பழைய ஃபேன், சுற்றுக்கு ஒரு தடவை டொக் டொக்கென்று இடிக்கும். எனக்கு அது பழகிப்போய்க் காதிலேயே விழுவதில்லை. அது நின்ற பிறகு அறை அமைதியானதும் இவர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்தது. ஃபேனை நிறுத்தச் சொல்லிக் கேட்டவருக்கு நான் அப்பா படத்தைக் காட்டியிருக்கிறேன்.

இவர் கண்ணைத் திறந்து உங்களைப் பார்த்து, "பொய்" என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. "பாருங்கண்ணா, உங்ககிட்டயும் அதையேதான் சொல்றாரு. நான் சொல்றதெல்லாம் பொய்யாம்" என்றேன்.

மணிக்கட்டைப் பிடித்திருந்த அவர் கைமேல் உங்கள் இன்னொரு கையை வைத்தீர்கள்.

"அம்மா, அது நம்ம பொய் இல்ல. வங்காளத்துல பயத்த அப்பிடித்தான் சொல்லுவாங்க. அவருக்குப் பயமா இருக்குதும்மா. அதத்தான் உங்ககிட்ட சொல்லிக்கினு இருக்காரு."

இவர் பிறந்தது இந்த ஊரில்தான். லேக் மார்க்கெட் பக்கத்துச் சந்துகளில் வங்காளிப் பையன்களோடு பந்து விளையாடி வளர்ந்தவர். வீட்டுக்குள் தமிழ், வாசல் தாண்டினால் வங்காளம். திருச்சியிலிருந்து கல்யாணமாகி வந்த எனக்கு அது வேறொரு ஆளுடைய கதை மாதிரிதான் தெரியும். முப்பது வருஷம் காய்கறிக்காரனிடம் பேசுகிற அளவுக்கு மேல் நான் அந்த மொழியைப் பேசவில்லை. அதற்கு அவசியம் வரவில்லை என்று சொல்லிக்கொள்வேன். வேண்டாம் என்றுதான் இருந்தேன் என்பதே உண்மை.

இதற்கு மேல் நான் செய்ததை உங்களிடம் நேரில் பேசியதே இல்லை. அன்றைக்கு உங்களுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். என் புருஷனுக்குப் பயமாக இருக்கிறது என்பதைத் தரைத்தளத்திலிருந்து ஒருவர் ஏறி வந்து எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று. மறுநாள் நீங்கள் வந்தபோது கதவைப் பாதி திறந்து, தூங்குகிறார் என்றேன். அவர் விழித்துத்தான் இருந்தார், நான் சொன்னது அவர் காதிலும் விழுந்தது. உங்களுக்கும் தெரிந்திருக்கும். தூக்கைக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். அடுத்த நாளும் அதே நேரத்துக்கு வந்தீர்கள். நானும் அதையே சொன்னேன். ஒன்பது நாள்.

பத்தாவது நாள் உங்கள் செருப்புச் சத்தம் மாடிப்படியில் இறங்கிப் போவதைக் கேட்டுவிட்டு இவர் என் பக்கம் திரும்பி, "கேனோ?" என்றார். ஏன் என்று கேட்கிறார். அந்த வார்த்தை எனக்கே தெரியும்.

அன்று சாயங்காலம் மாலதி-தியை உட்கார வைத்துவிட்டுக் கீழே வந்தேன். கிளாரினெட்டைத் துண்டு துண்டாகக் கழற்றித் துணியில் பரப்பி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். அறை முழுக்க ஈர மரமும் வாசலினும் கலந்த ஒரு வாசனை. வாங்கம்மா என்று டீ போட்டீர்கள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது சர்க்கரை எவ்வளவு என்று கேட்டீர்கள். அதோடு அந்தப் பேச்சு போயிற்று. வேறு எதையாவது பேச வேண்டுமே என்று, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றேன்.

அப்போதுதான் சொன்னீர்கள். பேண்டுக்காரன் என்றால் வெறும் வாத்தியக்காரன் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். சண்டை வந்துவிட்டால் வாத்தியத்தைப் பெட்டியில் பூட்டிவிட்டு ஸ்ட்ரெச்சர் தூக்க வேண்டும், அதுதான் அவன் வேலை. இருபத்திரண்டு வயதில் கிழக்கு எல்லையில் நீங்கள் தூக்கினீர்கள். அடிபட்டவன் இந்தி பேச மாட்டான், பள்ளிக்கூடத்தில் படித்தது, பட்டாளத்தில் கற்றது எல்லாம் போய்விடும், சின்ன வயதில் வாயில் வந்ததுதான் வரும் என்றீர்கள். மலைப்பக்கத்து ஆள் ஒருவன், உங்கள் வயதுதான். நெல்வயலுக்கு நடுவே இரண்டு மணி நேரம் அவனைத் தூக்கிக்கொண்டு நடந்தீர்கள். ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டே வந்தான். நீங்கள் நிறுத்தி நிறுத்தி அவன் உதட்டை நனைத்தீர்கள். முகாம் போய்ச் சேருவதற்குள் சத்தம் நின்றுவிட்டது. ஒரு மாதம் கழித்து அவன் ஊர்க்காரன் ஒருவனிடம் அந்த வார்த்தையைச் சொல்லி அர்த்தம் கேட்டீர்கள்.

"குளுருதுன்னு சொல்லிக்கினு இருந்தாம்மா. நான் தண்ணி குடுத்துக்கினு இருந்தன். கம்பளி என் தோள்லயேதான் கெடந்துது."

சொல்லிவிட்டு ரீடை, கிளாரினெட்டின் சீவாளியை, எடுத்து வாயில் வைத்து நனைக்க ஆரம்பித்தீர்கள். ஐந்து மணி ஆகியிருந்தது. அதற்குப் பிறகு எந்த யூனிட்டுக்குப் போனாலும் கூட இருக்கிறவர்களிடம் முதலில் மூன்று வார்த்தை கேட்டு வைத்துக்கொள்வீர்களாம். வலி, குளிர், பயம். அப்படி ஆரம்பித்துத்தான் நேபாளி, பஞ்சாபி, ஒடியா, மலையாளம், வங்காளம் எல்லாம் வந்தன. ஏழெட்டு மொழி தெரிந்த கெட்டிக்காரர் என்று பிளாக்கில் உங்களைப் புகழும்போதெல்லாம் நீங்கள் ஏன் வேறு பக்கம் பார்த்தீர்கள் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது.

அடுத்த நாள் அந்தத் தாளைக் கொடுத்தீர்கள். பேதா இருந்தது, ஷீத் இருந்தது. பயம் இல்லை. தமிழில் அதை எப்படி எழுதினாலும் பொய் என்றுதான் விழும், அதை நான் தினமும் ஃபிரிட்ஜ் கதவில் படிக்க வேண்டாம் என்று விட்டிருப்பீர்கள். இல்லை, இதை எழுதிக் கொடுத்துத்தானா நான் நினைவில் வைக்க வேண்டும் என்று நினைத்தீர்களோ. இரண்டில் எதுவோ.

பயிற்சிக்கு வந்த பெண்ணிடம் சொன்னேன். சில பேருக்கு இப்படி ஆவதுண்டு என்றாள், தானும் வங்காளத்தில் ஆரம்பித்தாள். ஒரு மாதத்தில் இவருக்குப் பத்துப் பதினைந்து வார்த்தை வந்தது. நானும் கூடவே கற்றேன். எங்கே வலிக்கிறது, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், கை மரத்துப்போயிற்றா, இதெல்லாம் எனக்குச் சரளமாக வந்துவிட்டது. மார்க்கெட்டில் அரைக் கிலோ பரங்கிக்காய் கேட்கத் தடுமாறுவேன். நோயாளி வீட்டு வங்காளம் மட்டும் பேசுகிற ஒரே தமிழச்சி நான்தான் என்று நீங்கள் கிண்டல் செய்தீர்கள்.

பல நாள் நீங்கள்தான் எங்களுக்கு நடுவே மொழிபெயர்த்தீர்கள். முப்பத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்திய இரண்டு பேருக்கு. ஒருநாள் குழம்பில் உப்பில்லை என்று இவர் உங்களிடம் சொல்லி என்னிடம் சொல்லச் சொன்னார். அதை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள் தாதா, நான் சண்டைக்கு வரமாட்டேன் என்று நீங்கள் எழுந்துகொண்டீர்கள். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு இவர் முதன்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

சாயங்கால வாசிப்பையும் மூன்றாவது மாடிக்குக் கொண்டுவந்தீர்கள். ராணுவ மார்ச், வங்காளப் பாட்டு, கோயில் பாட்டு, எல்லாம் கலந்து. பேச வராதவருக்கு முணுமுணுக்க வந்தது. ஆவணியில் ஒரு நாள், என் மாமியார் வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது பாடுகிற பாட்டின் மெட்டை என்னிடம் கேட்டுக்கொண்டு வாசித்தீர்கள். இவர் கூடவே முணுமுணுத்தார், இரண்டாவது அடியில் வார்த்தைகளும் வந்துவிட்டன. தமிழில், ஒரு அடி முழுக்க. நீங்கள் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே போனீர்கள். நான் அடுப்பை அணைக்கக்கூட மறந்து நின்றேன். மறுநாள் ஒன்றும் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அதன்பிறகு ஒன்றரை வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. இன்றைக்கும் வாக்கியம் தமிழில் ஆரம்பித்து வங்காளத்தில் முடியும். எங்களுக்கு அது போதுமாக இருக்கிறது.

போன கார்த்திகையில் என் தங்கை மகள் கல்யாணத்துக்காக நாங்கள் இரண்டு பேரும் திருச்சி போயிருந்தபோது உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் நான்கு நாள். கல்யாண வீட்டில் இருக்கிறார்கள், சொல்லாதே என்று மாலதி-தியைத் தடுத்துவிட்டீர்களாம். ஐந்தாம் நாள் அவளே போன் செய்தாள். நாங்கள் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இவர் உங்கள் கதவுக்கு வெளியே வாக்கரைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். அன்றைக்கு எந்த மொழியிலும் ஒன்றும் பேசவில்லை.

வீட்டைக் காலி செய்ய உங்கள் மகள் பத்து நாள் தங்கினாள். மூன்றாம் நாள் உங்கள் போனை எடுத்துக்கொண்டு மேலே வந்தாள்.

"ஆன்ட்டி, இந்தப் போன் நிக்கவே மாட்டேங்குது. யார் யாரோ பெங்காலில பேசறாங்க, அழறாங்க. எனக்கு ஒண்ணும் புரியல."

அப்போதுதான் மாலதி-தி சொன்னாள். வைத்தியத்துக்காக வேலூருக்குப் போகிற வங்காளிக் குடும்பங்களுக்குப் பதினைந்து வருஷமாக நீங்கள் துணை இருந்திருக்கிறீர்கள். முதலில் போனது அவளுடைய அண்ணன். சாந்த்ராகாச்சி ஸ்டேஷனுக்குப் போய் ரயிலேற்றி விடுவீர்கள், தமிழ் வார்த்தைகளை வங்காள எழுத்தில் எழுதிக் கையில் கொடுப்பீர்கள். அங்கே போன பிறகு மருந்துக்கடையிலோ லாட்ஜிலோ மொழி தெரியாமல் தவித்தால் உங்களைக் கூப்பிட்டு, எதிரே நிற்கிறவர் கையில் போனைக் கொடுத்துவிடுவார்களாம். நம்பர் ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கை மாறிக்கொண்டே போயிருக்கிறது. என்னிடம் ஏன் இதுவரை சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்கள் கேட்கவே இல்லையே என்றாள். இங்கே எனக்கு ஜோலி இருக்கிறது என்று நீங்கள் சொன்னது இதைத்தான் போலிருக்கிறது.

ஒரு மாதம் மட்டும் பார்த்துக்கொள்கிறேன் என்று போனை வாங்கி வைத்தேன். அன்று மத்தியானமே அடித்தது. பர்த்வான் பக்கத்துப் பெண். புருஷனுக்கு ஆபரேஷன், காலையில் சாப்பாடு கொடுக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை, நர்ஸ் சொல்வது புரியவில்லை. மிலிட்டரி-தா இல்லையா என்று கேட்டாள். இருக்கிறார் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல், என்ன விஷயம் என்றேன். நர்ஸ் கையில் போனைக் கொடுத்தாள். தமிழில் கேட்டு வங்காளத்தில் சொன்னேன். எனக்குத் தெரிந்த வங்காளம் அதற்குச் சரியாக இருந்தது.

அவள் ஆறு நாளில் நான்கு முறை கூப்பிட்டாள். டிஸ்சார்ஜ் ஆன அன்று, தாதாவிடம் ஒரு தடவை பேச வேண்டும், நன்றி சொல்ல வேண்டும் என்றாள். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை, சொன்னேன். பிறகு, மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள், இனிமேல் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டாள்.

"ஆமாகே" என்றேன். என்னை என்று. சரியான சொல்தானா என்று சந்தேகமாக இருந்தது. அவள் மறுபடி கேட்கவில்லை.